பூஜை நாளில் பசித்த ஈரல்கள்

பென்னலூர் பள்ளிக்கூடத் தெருவில் ஒரு விஷயம் ரகசியமாக இருக்க வேண்டுமென்றால், கோவிந்தம்மா ஊரில் இருக்கக் கூடாது. அவரோ ஊரைவிட்டு எங்கும் போவதில்லை.

அதனால்தான் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பூமாரியின் வேலை தெரு முழுக்கத் தெரியும்.

"ஒரகடத்துல ஒரு கம்பெனிம்மா. ஈரல் வளக்கிறாங்களாம். வாளி வாளியா!"

வாளி மட்டும் கோவிந்தம்மாவின் சொந்தச் சரக்கு.

சரியான செய்தி கீழ்வீட்டுப் பத்து வயது ஷெர்லினுக்குத்தான் தெரியும். அவள் நேராகப் பூமாரியிடமே கேட்டவள். யாரோ கொடுத்த கொஞ்சம் ரத்தத்திலிருந்து, எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை உண்டாக்கி, அவற்றை எள்ளளவு ஈரல்களாக வளர்க்கிறார்கள். புது மருந்து ஒன்று நம் ஈரலைக் கெடுக்குமா என்று முதலில் அந்தக் குட்டி ஈரல்களிடம் கொடுத்துப் பார்ப்பார்கள்.

ஆயுத பூஜை அன்று காலை, பூமாரி படியிறங்கி ஓடிவந்தார். அவருடைய ஸ்கூட்டர் டயர் சப்பையாகக் கிடந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"நேத்து ஈரலுக்குச் சாப்பாடு குடுக்க வேண்டிய ஆளு சொல்லாமக் கொள்ளாம ஊருக்குப் போயிட்டாரு, ஷெர்லின். இப்பவே போய் ஊத்தலைன்னா எல்லாம் செத்துரும். நாப்பது நாளா வளத்தது!"

கம்பெனி பஸ் இன்று கிடையாது. செல்போனில் ஆட்டோ கேட்டால், அது 'தேடுகிறோம்' என்று சுற்றிக்கொண்டே இருந்தது.

தெருமுனையில் டில்லிபாபுவின் ஷேர் ஆட்டோ, மாப்பிள்ளை மாதிரி நின்றது. வாழைக்கன்று, சந்தனம், மூன்று சக்கரத்துக்கும் மூன்று எலுமிச்சம்பழம். பூஜை அப்போதுதான் முடிந்திருந்தது. ஷெர்லின் பூமாரியின் கையைப் பிடித்து அங்கே இழுத்துப் போனாள்.

"ஒரகடமா? ஏறும்மா, போலாம்" என்றார் சீட்டில் உட்கார்ந்திருந்த டில்லிபாபு.

"டேய் டில்லி!" கோவிந்தம்மாவின் குரல் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது. "பூஜ போட்ட வண்டிடா! மொத சவாரியே ஈரலுக்கா? இன்னிக்கு ஊரே கவிச்சி தொடல!"

டில்லிபாபு சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு வேணா இட்டுகினு போறேம்மா."

"நாளைக்குன்னா அதுக இருக்காதுண்ணே." பூமாரியின் கண் கலங்கிவிட்டது.

ஷெர்லின் டில்லிபாபுவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணா, ஈரல் இந்த வண்டில ஏறவே கூடாதா?"

"கூடாது பாப்பா."

"அப்ப நீங்க மொதல்ல எறங்குங்க."

"நானா? இன்னாத்துக்கு?"

"உங்க வவுத்துக்குள்ள ஒண்ணு கீதே. பெருசு! டீச்சர் படம் வரைஞ்சு காட்டினாங்க."

டில்லிபாபு பதறிப்போய் இடது பக்கம் தொட்டுப் பார்த்தார். ஷெர்லின் அந்தக் கையை எடுத்து வலது பக்கம் வைத்தாள்.

"கோவிந்தம்மா அத்தைக்கும் ஒண்ணு கீது. அதோடதான் காலைல சாமி கும்பிட்டாங்க."

தெருவே சிரித்தது. கோவிந்தம்மா மட்டும் வயிற்றின் மேல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.

"உங்க வண்டிக்குப் பொட்டு வெச்சு, மாலை போட்டு, பொரி வெச்சீங்க" என்றாள் ஷெர்லின். "அக்காவோட வேல மட்டும் பட்டினி கெடக்கலாமா, அண்ணா?"

டில்லிபாபு சாவியை வெளியே எடுத்தார். "ஏறும்மா, ஏறு!"

பூமாரி ஏறுவதற்குள் கோவிந்தம்மா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். "நானும் வரேன். கண்ணால பாக்காம நாலு பேருக்கு எப்பிடிச் சொல்றது?"

இத்தனை நாள் எப்படிச் சொன்னாராம்? அதை யாரும் கேட்கவில்லை. எலுமிச்சம்பழங்கள் நசுங்க, ஆட்டோ பறந்தது.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் பூமாரியை மட்டும் உள்ளே விட்டார். கோவிந்தம்மா கேட் இடுக்கில் எட்டி எட்டிப் பார்த்தார். வாளி எதுவும் தென்படவில்லை.

அரைமணி நேரத்தில் பூமாரி சிரித்துக்கொண்டே வந்தார். "எல்லாம் பொழச்சிருச்சு!" செல்போனில் படம் காட்டினார். ரோஸ் நிறத் தண்ணீரில் எள் தூவிய மாதிரி புள்ளிகள்.

கோவிந்தம்மா செல்போனை மூக்குவரை கொண்டுபோனார்.

"இத்தினியூண்டா! ஐயோ, பச்சப்புள்ளைங்க. இதுங்களயா பட்டினி போட்டாங்க?"

மடியிலிருந்த பொரிப் பொட்டலத்தைப் பிரித்து, வாட்ச்மேனிடம் நீட்டினார். "இந்தாப்பா, உள்ள குடு. ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு போதும்."

ஒரு பொரி அந்த ஈரல்களைவிடப் பெரியது என்று சொல்ல ஷெர்லினுக்கு மனமே வரவில்லை.