முன்னால் போகிறவரின் சக்கரம்

உதட்டில் தெறித்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

அதுதான் நுபியாவுக்கு முதலில் உறைத்தது. ஏப்ரல் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பொயாகா மலைகளில் மூவாயிரம் மீட்டருக்கும் மேலே, காலை பத்து மணிக்கும் கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. இப்படிப்பட்ட சாலையில் முன்னால் போகும் சைக்கிளின் பின்சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீர் ஊசியாகக் குத்த வேண்டும். இது குத்தவில்லை. யாரோ வாயில் வைத்திருந்து கொப்பளித்ததுபோல வந்து விழுந்தது.

"அத்தான், பின்னாடி மட்கார்டு போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? மூஞ்சியெல்லாம் சேறு!"

முன்னால் போனவர் திரும்பவில்லை. எதில்பெர்தோ ஏற்றத்தில் பேசுகிற ஆளில்லை, மூச்சைச் சேமிப்பார். அக்கா மர்லேனியின் கணவர். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அவர் முன்னால், நுபியா அவர் சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால். அவருடைய அகலமான முதுகு காற்றை வாங்கிக்கொள்ளும், இவள் அந்த மறைவில் பாதி உழைப்பில் மலை ஏறிவிடுவாள்.

அரைமணிக்கு முன்பு ஓத்திலியாவின் கடையில்கூட அதைச் சொல்லித்தான் வம்பிழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்டு வர்றவளுக்கு ரெண்டாவது கோப்பையா?" என்றார் எதில்பெர்தோ, சூடான வெல்லத்தண்ணீரில் பாலாடைக்கட்டியை முக்கியபடி.

"கடவுள் உங்களுக்கு இவ்ளோ பெரிய சுவரைக் கட்டிக் குடுத்திருக்காரு, வீணாக்கலாமா அத்தான்?"

ஓத்திலியா சிரித்துக்கொண்டே கோப்பைகளை எடுத்தாள். "சிரிச்சது போதும். மேல வளைவு தாண்டினதும் மூக்கைப் பொத்திக்குங்க. ரோமுலோவோட பசு பள்ளத்துல விழுந்து பத்து நாளாச்சு. தூக்க ஆளில்ல. நேத்து நாய்கூடக் கிட்டப் போகல."

அந்த வளைவில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. நாற்றம் அதற்கு முன்பே எதிர்கொண்டது. நுபியா பாலாடைக்கட்டிக் கடை நடத்துபவள். கேனை முகர்ந்தே பால் கறந்து எத்தனை மணி நேரமானது என்று சொல்கிற மூக்கு அவளுக்கு. மற்றவர்களுக்கு ஒரே நாற்றமாக இருப்பது அவளுக்குத் தனித்தனியாகப் பிரிந்து வரும்: ஊறிய தோல், புளித்த வயிறு, இனிப்பாக அழுகும் கொழுப்பு. முகத்தைச் சட்டைக் கழுத்துக்குள் புதைத்து, கண்ணை மூடி, இருபது மிதி மிதித்தாள். நிமிர்ந்தபோது முதுகு பனிக்குள் கரைந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று மிதித்து மறுபடி அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது வளைவைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் வந்தாகிவிட்டது. கூரையில்லாத பழைய தேவாலயத்தின் கற்சுவர் இடப்பக்கம் தெரிந்து மறைந்தது. விடுதலைப் போரில் வெறுங்காலோடு ஏறி விறைத்துச் செத்தவர்களுக்காக நட்ட சிலுவைகள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வந்து பனிக்குள் போயின. காற்று எதிர்முகமாக, சுத்தமாக, புல்லும் மழையுமாக அடித்தது.

நாற்றம் மட்டும் போகவில்லை.

பசு இரண்டு கிலோமீட்டர் கீழே கிடந்தது. நாற்றமோ முன்னாலிருந்து வந்துகொண்டிருந்தது.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடம் தெளியாமல் மஞ்சளாக இழுபட்டது. கையுறையின் விரல்நுனியை முகர்ந்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொழுப்பு. பாலின் கொழுப்பு அல்ல. அது அவளுக்குத் தெரியும். பல்லில் ஒரு படலம் ஏறியிருந்தது. துப்பினாள். நூலாக நீண்டு தாடையில் ஒட்டியது. தண்ணீர்ப் புட்டியை எடுத்து வாயில் வைத்தபோது உறிஞ்சும் முனையும் வழவழத்தது. குளிர்ந்த தண்ணீருக்கு முன்னால் வெதுவெதுப்பான ஒரு கட்டி நாக்கில் இறங்கி, தடுப்பதற்குள் தொண்டைக்குள் போய்விட்டது.

"அத்தான், நில்லுங்க. எனக்கு வாந்தி வருது."

முன்னால் போனவர் வலது முழங்கையை வெளியே ஆட்டினார். நீ முன்னால் வா என்று ஓட்டுகிறவர்கள் காட்டும் சைகை. பன்னிரண்டு வருடத்தில் எதில்பெர்தோ ஒருமுறைகூட அவளை முன்னால் கூப்பிட்டதில்லை. முழங்கை மறுபடி ஆடியது. இந்தமுறை கொஞ்சம் அதிகமாக, மூட்டு போகக்கூடாத பக்கமாக.

முதுகுப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. வழுக்கும் விரலால் எடுத்துக் காதில் வைத்தாள்.

"அடியே நுபியா, எங்கடி இருக்க?" எதில்பெர்தோவின் குரல். மூச்சிரைத்தது. "கத்திக் கத்தித் தொண்டை போச்சு. பசு செத்த வளைவுல செயின் அறுந்துருச்சு. நீ குனிஞ்ச தலை நிமிராம என்னைத் தாண்டிப் போற! தள்ளிக்கிட்டு ஏறிட்டிருக்கேன். அங்கேயே நில்லு."

அவள் பார்வை முன்னால் போன முதுகின்மேல் நிலைத்தது.

மழைச்சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது என்று இத்தனை நேரம் நினைத்திருந்தாள். கழுத்துப்பட்டி இல்லை. தையல் இல்லை. மங்கலான மஞ்சள் தோல், நனைந்து, சுருங்கி, ஒவ்வொரு மிதிக்கும் இடமும் வலமும் நகர்ந்தது. தோல் நகர்ந்தது. அடியில் இருந்தது நகரவில்லை. இடுப்புக்குக் கீழே தோல் இற்றுத் தொங்கி, சக்கரத்தில் உரசிக்கொண்டிருந்தது. உரசிய இடத்திலிருந்துதான் தெறித்தது.

பிரேக்கைப் பிடித்தாள்.

அதுவும் நின்றது. பத்தடி முன்னால். ஒரு காலைத் தரையில் ஊன்றியது. நனைந்த சாக்கு விழும் சத்தம்.

முழங்கை ஆடியது.

நுபியா சைக்கிளைத் திருப்பினாள். ஏறினாள். இறக்கம். பனி. பிரேக் பிடித்தாள், சக்கர விளிம்பில் கொழுப்பு, பிடிக்கவில்லை. இருபுறமும் ஈரமாக எதுவோ தோளில் உரசியது. உரோம இலைச் செடிகள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாலையோரம் ஆளுயரம் நிற்கும், துறவிகள்போல. செடிகள்தான். சாலையின் நடுவில் செடி ஏது? யோசிக்கவில்லை. சிலுவை. சிலுவை. கற்சுவர். ஒரு வளைவில் எதிரே ஆள்; காலணியைத் தரையில் தேய்த்து, புல்மேட்டில் மோதி விழுந்தாள்.

"மாதாவே!" எதில்பெர்தோ தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கழுத்துப்பட்டி வைத்த மஞ்சள் மழைச்சட்டை, தொப்பை, கையெல்லாம் செயின் மசி. அவர்தான். "அடி பட்டுச்சா? ஏன்டி இப்படி... என்ன இது மூஞ்சியில?"

"தொடைங்க அத்தான். சீக்கிரம். தொடைச்சு விடுங்க."

கைக்குட்டையால் அவள் கன்னத்தை வழித்தார். வழித்ததைப் பார்த்தார். மஞ்சள் கூழில் ஒரு நகம், வேரோடு. அவர் திரும்பி, குனிந்து, குடித்த வெல்லத்தண்ணீரையெல்லாம் சாலையில் கக்கினார்.

"யார் மேல மோதின? நுபியா, யாரையாவது..."

"அது நீங்கன்னு நெனச்சேன். உங்க பின்னாடிதான் போறேன்னு நெனச்சேன்."

மேலேயிருந்து சத்தம் கேட்டது. மிதிக்காமல் இறங்கும் சைக்கிளின் டிக் டிக் டிக். ஒன்றல்ல. நிறைய. மழைக்கு மேலே வெட்டுக்கிளிக் கூட்டம்போல.

எதில்பெர்தோ அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். வழுக்கியது. மறுபடி பிடித்தார்.

பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது அந்த மஞ்சள் முதுகின் முன்பக்கம். அதுவும் முதுகாகவே இருந்தது. அதன் பின்னால் ஒரு சைக்கிள் நீளத்துக்கு வெறும் சாலை. அதன் பின்னால் மற்றவர்கள், ஒற்றை வரிசையில், ஒருவர் சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் இன்னொருவர். பழைய கம்பளிச் சட்டைகள், புதிய சட்டைகள், ஒரு பெண், கால்சட்டை மட்டும் அணிந்த ஒரு கிழவன். எல்லாரும் தலையைத் தாழ்த்தி, முன்னாலிருக்கும் சக்கரத்தின் பக்கம் வாயை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். தெறிப்பது உள்ளே போயிற்று. தொண்டைகள் ஏறி இறங்கின. முகவாயிலிருந்து வழிந்தது அவரவர் சக்கரத்தில் விழுந்து, அடுத்தவருக்குப் போயிற்று.

டிக் டிக் மெதுவானது. நின்றது.

வரிசையின் முதலாவது அவர்களைக் கடந்து நின்றிருந்தது. இரண்டாவது அவர்களை எட்டுமுன் நின்றுவிட்டது. நடுவிலிருந்த வெற்றிடம் நுபியாவுக்கு நேராக இருந்தது. பின்னால் பனிக்குள் கண்ணுக்கு எட்டியவரை, திறந்த வாய்கள் காத்திருந்தன.