கதவு பயன்பாட்டில் உள்ளது

பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது.

ஹம்சவேணி மடிக்கணினியின் திரையைத் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். ஒன்றேதான். வெளியே அக்னி நட்சத்திர வெயில் திருவாதவூர்ச் சாலையின் தாரை இளக்கிக்கொண்டிருக்க, குளிர்பதனக் கிடங்குக்கு உள்ளே நான்கு டிகிரிக் குளிரில், கூரை வரைக்கும் அடுக்கிய புளி மூட்டைகளுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் ஒரு கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கதவு என்றால், கதவின் பூட்டை ஆட்டிவைக்கிற உள்ளங்கையளவு போர்டு. அதில் ஓடும் குட்டி லினக்ஸை மூன்றே பேர் இருக்கிற அவளுடைய கம்பெனிதான் செய்து கொடுத்திருந்தது. மாட்டிய எலக்ட்ரீஷியன் புண்ணியவான், போர்டை வெளிச்சுவரில் வைக்காமல் உள்சுவரில் வைத்துத் தொலைத்திருந்தார்.

பத்து நிமிட வேலை. பூட்டை இயக்குகிற டிரைவர் நிரலுக்குக் 'கதவு' என்றே அவள் பெயர் வைத்திருந்தாள். பழைய கதவை நீக்க ஒரு கட்டளை, புதுக் கதவை ஏற்ற ஒரு கட்டளை. அதற்கு முன்னால் பட்டியலைப் பார்க்க வேண்டும். எந்த மாட்யூல், அதாவது எந்த நிரல் துண்டு, ஏறியிருக்கிறது, அதை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பக்கத்திலேயே ஓர் எண் காட்டும். ஒருவர் பிடித்திருந்தாலும் நீக்க விடாது. கதவைப் பிடிக்கக்கூடிய ஒரே நிரலை அவளே இப்போதுதான் நிறுத்தியிருந்தாள்.

கிடங்கு ஆப்பரேட்டர் அருள்பாண்டி, "சாப்பிட்டு வாரேன் தங்கச்சி" என்று சொல்லிக் கிளம்பிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. போகும்போது, இருபது வருடப் பழக்க தோஷம், முட்டுக் கொடுத்திருந்த மூட்டையைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். குளிர் வீணாகக் கூடாது அவருக்கு. உள்ளிருந்து தள்ளித் திறக்கிற கம்பி போன மாதமே உடைந்து சணலில் தொங்கியது. அவர் சாத்தியபோது ஹம்சவேணி சிரித்துக்கொண்டாள். டிரைவரை நீக்கினால் பூட்டு தானே விட்டுவிடும், அப்படித்தான் எழுதியிருந்தாள்.

நீக்கச் சொன்னாள். கதவு பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தது.

"யாரு பயன்படுத்துறது? உங்க தாத்தாவா?" என்று திரையைக் கேட்டாள்.

சிரிப்பு வரவில்லை. போனில் சிக்னல் இல்லை. அந்தத் தகரச் சுவருக்குள் என்றைக்கும் இருந்ததில்லை. மணி இரண்டரை தாண்டியிருந்தது. வண்டியூர் வீட்டில் ஒன்பது வயது மகள் லீவு நாளில் தனியாக, உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்பதுதான் காலையிலிருந்து அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒரே கணக்கு.

ஓடுகிற நிரல்களையெல்லாம் வரிசையாகப் பார்த்தாள். கதவைத் தொட்டுக்கொண்டு ஒன்றுமே இல்லை. மூட்டைகளிலிருந்து வந்த புளி வாசம் திடீரென்று கனத்து, பல்லைக் கூசவைத்தது. குளிரூட்டும் காற்றாடியின் இரைச்சலுக்கு அடியில் சாக்கு உரசுகிற சத்தம் கேட்டது, யாரோ நெருக்கத்தில் புரண்டு படுப்பதுபோல. எலியாக இருக்கும் என்று நினைத்தாள். நான்கு டிகிரியில் எலி எப்படி இருக்கும் என்றும் கூடவே நினைத்தாள்.

எழுந்து போய்க் கதவை உள்ளங்கையால் தட்டினாள். "அண்ணே! அருள்பாண்டியண்ணே! கதவத் தெறங்க!"

"வாரேன் தங்கச்சி."

அப்பாடா என்றிருந்தது. அவர் குரல்தான், அதே இழுவை. "வாங்கண்ணே, சீக்கிரம் வாங்க!" என்று கத்தினாள்.

கத்திய பிறகுதான் உறைத்தது. குரல் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

மதுரைப் பக்கத்தில் 'போறேன்' என்று சொல்லி யாரும் கிளம்புவதில்லை. வாயில் வரக்கூடாத வார்த்தை அது. போகிறவரும் வாரேன் என்பார், வருகிறவரும் வாரேன் என்பார். இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். ஹம்சவேணி மூட்டை அடுக்கைத் திரும்பிப் பார்க்காமலே புரிந்துகொண்டாள். போகிறவர் சொன்னது இல்லை இது. அவளும் வாயாரக் கூப்பிட்டிருந்தாள்.

சுவரோடு ஒட்டி நடந்து ஸ்டூலுக்கு வந்தாள். பட்டியலை மறுபடி வரவழைத்தாள்.

எண்ணுக்குப் பக்கத்தில் இப்போது பெயர் இருந்தது. கதவைப் பிடித்திருப்பது: நல்லகாமன். அதற்குக் கீழே இன்னொரு வரி. நல்லகாமனைப் பிடித்திருப்பது: ஹம்சவேணி.

நல்லகாமன். காலையில் டீ குடிக்கும்போது அருள்பாண்டி சொன்ன பெயர். "பங்குனியில மூட்டை அடுக்க வந்தவன் தங்கச்சி. நல்ல வேலக்காரன். ஒருநா சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான், செருப்பக்கூடப் போட்டுட்டுப் போகல." அந்தப் பெயரில் அவள் எதையும் எழுதவில்லை. அவள் பெயரிலும் எழுதவில்லை.

கட்டாயமாக நீக்கச் சொல்லும் கட்டளையை அடித்தாள். அப்படி ஒரு வசதி இல்லை என்றது போர்டு. இருக்காது. போர்டில் ஏற்றும் கட்டளைகளைத் தேர்ந்தெடுக்கிற மெனுவில், 'இது யாருக்கு வேணும்' என்று நாலு கிலோபைட் மிச்சம் பிடிக்க, தை மாதத்தில் அந்தக் கட்டத்தை அவளே காலியாக விட்டிருந்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. அழுகை வந்தது. அழுதாள்.

காற்றாடி நின்றது.

குளிர் நிற்கவில்லை. சுவரில் குளிரின் அளவைக் காட்டும் எண் மூன்றானது. இரண்டானது. மேல் அடுக்கிலிருந்து புளித்தூசி உதிர்ந்து திரையில் விழுந்தது. யாரோ இறங்குகிறார்கள். அவசரமில்லாமல். ஒவ்வொரு மூட்டையாக.

"வாரேன் தங்கச்சி."

நல்லகாமனை நீக்கச் சொன்னாள். பயன்பாட்டில் உள்ளது.

விதி அவளுக்குத் தெரியும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தால் கடைசியில் ஏறியதைத்தான் முதலில் நீக்க வேண்டும். அப்புறம் அதற்கு முந்தியது. அப்புறம் கதவு.

வெறும் எழுத்துதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு போர்டில் ஒரு பெயர். என் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது, ரேஷன் கார்டில், கரண்ட் பில்லில். அடித்தால் என்ன? பிள்ளை தனியாக இருக்கிறாள்.

கழுத்துக்குப் பின்னால் புளித்த மூச்சு.

நீக்கு. ஹம்சவேணி.

அடித்தாள்.

வேலை முடிந்தால் அந்தக் கட்டளை ஒன்றும் சொல்லாது. ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வரியை அவள் அடிக்கவில்லை. தானாக விழுந்தது. நீக்கு. நல்லகாமன். அதற்கடுத்து, நீக்கு. கதவு.

டொக்.

வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. ஓடினாள். ஓடியதாக நினைத்தாள். ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது, திரை அதே இடத்தில் இருந்தது, அவளும் அதே இடத்தில் இருந்தாள். அவளுடைய துப்பட்டா அவளைத் தாண்டிப் போனது. அவளுடைய வளையல் போட்ட கை குனிந்து பையை எடுத்தது.

வாசலில் அருள்பாண்டி, ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி. "நாம்பாட்டுக்குச் சாத்திட்டுப் போயிட்டேன் தங்கச்சி, சாப்பிட்டுக் கை கழுவையிலதான் நெனப்பு வந்துச்சு. பயந்துட்டீகளா?"

"இல்லண்ணே," என்றது அவளுடைய குரல். "வேல முடிஞ்சுருச்சு. உள்ள ஆரும் இல்ல. பூட்டிருங்க."

அண்ணே. அண்ணே, நான் இங்கே இருக்கிறேன். வாயில் புளி. வாய் நிறையப் புளி.

வெயில் கோடு ஒடுங்கியது. கையகலம். விரலகலம். வெளியே பைக்குள் போன் அடித்தது. மூன்று மணிக்குக் கூப்பிடு என்று மகளிடம் சொல்லியிருந்தாள். அவளுடைய குரல் போனை எடுத்தது. தமிழில் பேசவில்லை. இந்தக் கிடங்கில் அவள் ஒருநாளும் பேசியிராத சௌராஷ்டிர மொழியில், தினமும் வீட்டில் பேசுகிற அதே குழைவோடு, பிசகில்லாமல், கிளம்பிட்டேன் கண்ணு, முக்கால் மணி நேரத்தில் அம்மா வந்து கூப்பிடுவேன், குரல் கேட்டதும் தாழ்ப்பாளை எடுத்துவிடு என்று அவள் மகளிடம் சொல்லிக்கொண்டே வெயிலில் நடந்தது.