அழித்த புள்ளிகள்

குழாயில் ஏறி வந்த கடலடிச் சேறு வெதுவெதுப்பாக இருந்தது. ஆழத்துச் சேறு ஐஸ் போலல்லவா இருக்க வேண்டும்? அவள் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

அது கடலடி ஆய்வுப் படகு. ஒலியலை அனுப்பித் தரையின் படம் வரைவது அவள் வேலை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை இறக்கிச் சேறு எடுப்பது அவள் கணவன் வேலை. கயிறு இழுக்கும் இயந்திரம் கொழுந்தனிடம். இரண்டாவது குழாய் கீழே சிக்கிக்கொண்டதால், கணவன் முங்கு உடையை மாட்டிக்கொண்டான்.

"கீழ ஒண்ணும் இல்லையே?"

"மெழுகி விட்ட தரை மாதிரி இருக்கு. சீக்கிரம் வாங்க."

"அண்ணி சொல்லிட்டாங்கல்ல, அப்பீல் ஏது?" கொழுந்தன் சிரித்தான். "எங்கண்ணன் கடலுக்குப் பயப்படமாட்டான். உங்களுக்குத்தான்."

கணவன் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் குதித்தான்.

கேபினில் டீசல் நெடியும் நனைந்த கயிற்றின் உப்பு வீச்சமும் மண்டிக் கிடக்க, மேகம் மூடிய பகல் வெளிச்சம் சன்னலில் சாம்பலாகப் படிய, படகின் அடியில் எதுவோ, நகத்தால் மெல்லச் சொறிவதுபோல, முன்னாலிருந்து பின்னால்வரை உரசிக்கொண்டே போனது. திரையில் தரை வழுவழுவென்று இருந்தது. இருக்காதா? படகு காலையிலிருந்து போய்வந்த ஒவ்வொரு சுற்றிலும், தரைக்கு மேல் துருத்திய புள்ளிகளை மீன் கூட்டம் என்று அவள்தான் அழித்துச் சுத்தம் செய்திருந்தாள். இந்த வேலையில் எல்லோரும் செய்வதுதான்.

மீன் இப்படி உரசுமா? அழித்ததை எல்லாம் திரும்பக் கொண்டுவந்தாள்.

புள்ளிகள் கூடி உருவமாயின. தரையிலிருந்து எழுந்த நீண்ட கைகள். முதல் சுற்றில் தூரத்தில். அடுத்ததில் அருகில். கடைசிச் சுற்றில், குழாய் இறங்கிய இடத்தைச் சுற்றி வட்டமாக.

"தம்பி! தூக்கு! அவரத் தூக்கு!"

கொழுந்தன் கணவனின் இடுப்புக் கயிற்றை இழுத்தான். கனமே இல்லை. பிய்ந்த நுனி வந்தது.

தண்ணீரில் குமிழிகள். பிறகு சிவப்பு. கீழே ஏதோ முறிந்தது, பச்சைக் கிளை முறிவதுபோல. மறுபடி. மறுபடி.

இயந்திரத்தை யாரும் தொடவில்லை. சிக்கியிருந்த குழாய் தானாக மேலே வந்தது. கீழிருந்து யாரோ தூக்கிக் கொடுப்பதுபோல.

உள்ளே அடுக்கடுக்காக இருந்தது. சேறு. கிழிந்த ரப்பர். சதை. சேறு. எலும்பு. சேறு.

எல்லாவற்றுக்கும் மேலே, குழாய்ச் சுவரோடு ஒட்டி, அவன் கை. அதன் ஒரு விரல் உள்ளிருந்து மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.