போதும் என்றது பூனை

யாரும் தொடாமலே பூனை முதுகைத் தூக்கிக் கொடுத்தது.

சண்முகவடிவு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். எதிரே சுவரோரம் தகர டிரங்குப் பெட்டி, அதன்மேல் சாம்பல் பூனை. கழுத்தை நீட்டி, கண்ணைச் சொருகி, யாரோ தடவித் தருவதை வாங்கிக்கொள்வது போல நெளிந்தது. அறையில் அவளையும் தூளியில் கிடந்த ஆறு மாதப் பெண்பிள்ளை தங்கமயிலையும் விட்டால் ஆள் கிடையாது.

அறுபத்தாறாம் வருஷத்து மழை தொடங்கியபோதுதான் பம்பாய்த் தாராவியில் கோலி என்று சொல்லும் இந்த ஒற்றை அறை வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள். முன்பு இருந்தவர்கள் பூனையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அது பெரிய மகாராணி. வால் நிமிர்ந்தால் தடவலாம். வால்நுனி வெடுக்கென்று ஆடி, முதுகுத்தோல் சிலிர்த்து, காது பக்கவாட்டில் மடங்கினால் போதும் என்று அர்த்தம். அதற்கு மேலும் கொஞ்சினால் நகம்தான். மல்லாந்து வயிற்றைக் காட்டுகிறதே என்று ஆசையாகக் கைவைத்து, முழங்கைவரை கீறல் வாங்கித்தான் வடிவு இதையெல்லாம் படித்தாள்.

நேற்றும் பூனை இப்படி நெளிந்தது. தோல் பதனிடும் ஷெட்டுக்கு வேலைக்குக் கிளம்பிய புருஷன் மாசானத்திடம் காட்டினாள்.

"இங்க பாருங்களேன், ஆருமில்லாம தானா கொஞ்சிக்கிடுது."

"அதுக்கு முதுவு அரிக்கும். இதுக்குப் போயி பயந்து சாவுதியே, நல்ல கூத்துதான்."

அவளும் சிரித்துவைத்தாள். மனசு கேட்கவில்லை.

இன்று மழை கூரைத் தகரத்தில் விடாமல் கொட்ட, பட்டப்பகலிலேயே அறை இருட்டிக் கிடக்க, ஊறின தோலின் வாடை சாக்கடை ஈரத்தோடு வாசல் வழியே ஏற, அத்தனை இரைச்சலுக்குள்ளும் பூனையின் குர்குர் சத்தம் மட்டும் தனியாக அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. உற்றுப் பார்த்தாள். உச்சந்தலையிலிருந்து வால்வரை அதன் முடி ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அழுந்திப் படிந்தது. மெதுவாக. பிறகு மறுபடி தலையிலிருந்து.

குர்குர் நின்றது. வால் பெட்டியில் அடித்தது. முதுகுத்தோல் சிலிர்த்தது. காது மடங்கியது.

போதும் என்கிறது. யாராக இருந்தாலும் கையை எடுத்துவிடுவார்கள்.

முடி மறுபடியும் படிந்தது.

பூனை திரும்பி வெடுக்கென்று கடித்தது. வாய் மூடவில்லை. ஒரு மணிக்கட்டு அகலத்துக்குத் திறந்தபடியே நின்றது, பல் எதிலோ பதிந்து. பிறகு பிடியை விட்டு, ஒரே தாவலில் மழைக்குள் ஓடிப்போனது.

பெட்டியின் அழுந்தியிருந்த மூடித் தகரம் டொக்கென்று மேலெழும்பியது. மாசானம் அதில் உட்கார்ந்து எழும்போது கேட்கிற சத்தம்.

தூளி ஆடியது.

வடிவு அரிசியைத் தட்டிவிட்டு ஓடினாள். பிள்ளையை வாரி மார்போடு அணைத்து, மழையில் நனைந்து, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். அந்த வீட்டுக்காரி சைனப், ஸ்டவ்வை விட்டு எழுந்து வந்தாள்.

"ஏளா வடிவு, பிள்ளைக்கு என்னாச்சு?"

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டிருந்தது. அப்போது அதன் ஈர முடி நெற்றியிலிருந்து பிடரிவரை அழுந்திப் படிந்தது.

வடிவின் இரண்டு கையும் பிள்ளையின் முதுகில் இருந்தன. சைனப் இரண்டடி தள்ளி நின்றாள்.

பிள்ளை சிரிப்பை நிறுத்தியது. முகத்தைத் திருப்பியது. காலை உதைத்தது. உதடு பிதுங்கியது.

"போதும், விட்டிரு," என்றாள் வடிவு. "அவளுக்குப் பிடிக்கல."

முடி மறுபடியும் படிந்தது. இன்னும் அழுத்தமாக. பிள்ளையின் தலை பின்னால் சாய்ந்தது.