கையில் இருப்பது

ஞானாம்பிகை சப்பாத்தைக் கழற்றாமலேயே உள்ளே வந்தாள். அதைக் கண்டதுமே காரியம் பெரிது என்று றூபனுக்குப் பட்டுவிட்டது. ரொக்ஸ்பரோவிலிருந்து பஸ்ஸும் மெற்றோவும் மாறி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. கையிலிருந்த சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து மடித்த கடதாசித் துண்டுகள் மூன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"றெஜினா அக்கா, என்ரை பிள்ளையை ஆரோ கொல்லப்போறாங்கள். இண்டைக்கு ரெண்டு மணிக்கு."

சனிக்கிழமை காலை பத்து மணி. நோத்ர-டாம்-த-கிரேஸின் அந்த மூன்றாம் மாடி வீட்டு ஜன்னலில் ஒக்ரோபர் மழை வழிந்துகொண்டிருந்தது. றெஜினா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மன்னாரில் பிறந்து, இந்த நகரத்தில் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காக இருபத்துமூன்று வருடம் விபத்துக் கோரிக்கைகளைத் துருவியவர். ஓய்வு பெற்ற பிறகும் சனம் அவரை விடவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் றூபன், பஸ் ஓடாத நேரங்களில் அவருக்குச் சாரதியும் துணையும்.

"முதல்ல இருங்கோ, ஞானம். மகன் ஆர்?"

அதற்கு றூபனே முந்திக்கொண்டான். "கஜீவன், அக்கா! நரிகள் எண்ட கல்லூரி அணியில பந்து எறியிறவன். இருபத்துநாலு ஆட்டத்தில ரெண்டுதான் தோல்வி. முப்பத்தொரு வருசமா அந்தக் கல்லூரி பேஸ்போல் கிண்ணத்தைத் தொட்டதில்லை. இண்டைக்கு இறுதியாட்டம்."

நான்கு நாட்களுக்கு முன்பே நுழைவுச்சீட்டு வாங்கி வைத்திருந்தவன் அவன்.

மூன்று துண்டுகளிலும் ஒரே வாசகம், ஒரே நீல மை, கவனமான தமிழ் எழுத்து. றெஜினா சத்தமாக வாசித்தார்.

"கையில் இருப்பது நெஞ்சுக்கு வரும். சனிக்கிழமை எறிய விடக் கூடாது. விட்டால் அதுதான் கடைசி எறி."

"கையில இருக்கிறது பந்து," என்றான் றூபன். "அவன் எறியிற பந்தையே நெஞ்சைப் பார்த்துத் திருப்பி அடிக்கப்போறாங்கள். இல்லாட்டி அவங்கட கையில துவக்கு இருக்குது."

ஞானாம்பிகை வாயைப் பொத்திக்கொண்டாள். றெஜினா அவனைப் பார்த்த பார்வையில் அவன் அடங்கினான்.

"இது எங்க கிடந்தது?"

"இந்தப் பையுக்கைதான். செவ்வாய், புதன், வியாழன் மூண்டு நாளும். சாப்பாட்டுப் பெட்டி கழுவ எடுக்கேக்கை கண்டனான். அவனிட்டைச் சொல்ல, ஆரோ பகிடிக்குச் செய்யிறாங்கள் எண்டு சிரிச்சான். பொலிசுக்குச் சொன்னால் ஆட்டம் நிண்டுபோகுமாம், சொல்ல வேண்டாமாம்."

"இந்த வாரம் அவனில வேற ஏதும் மாற்றம்?"

அவள் யோசித்தாள். "கோயில்ல கட்டின நூலை அறுத்துப்போட்டான். இறுக்குதாம். அதுதான் எனக்கு முதல் பயம். பிறகு, சாப்பிடுறதும் இடக்கையால, கரண்டியில. வலக்கை விரல் நீலம் பாரிச்சுக் கிடக்குது. குளிருக்குள்ள பயிற்சி எண்டு சொன்னான். கை நோவெண்டு போன கிழமை வெள்ளி கிளினிக்கிலயும் படம் எடுத்தவை. ஒண்டுமில்லையாம்."

கைபேசியில் கிளினிக் கடிதம் ஒன்றின் படத்தைக் காட்டினாள். தசைப்பிடிப்பு மட்டும், விளையாடலாம் என்று பிரெஞ்சில் நான்கு வரி. கீழே ஒரு கையொப்பம். இன்று பரிசோதித்துக் கையொப்பமிட்டேன், ஒக்ரோபர் 13 என்றிருந்தது.

"இது எப்ப வந்தது?"

"செவ்வாய்க்கிழமை, கோச் குடுத்துவிட்டவர். அதுக்கு முதல் நாள் நான் வேலை செய்யிற கார்த்திரி, பிள்ளைப் பராமரிப்பு நிலையமும் பூட்டு, நன்றி சொல்லும் நாள் லீவு. நான் வீட்டில நிண்டனான், இவன் பயிற்சிக்குப் போயிட்டான். லீவு நாளிலயும் விடமாட்டாங்கள்."

றெஜினா எழுந்து மேலங்கியை எடுத்தார். "றூபன், காரை எடும்."

வழியெல்லாம் வைப்பர் அடித்துக்கொண்டேயிருந்தது. றூபன் தன் கணக்கைச் சொல்லி முடித்தான். அணியில் தமிழ் வாசிக்க எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் ரதீசன். பதின்மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், இரண்டாவது பந்தெறிபவன். கஜீவன் இறங்காவிட்டால் இறுதியாட்டத்தில் எறியப்போவது அவன்தான். மற்றவள் பிரஷாந்தினி. இயன்மருத்துவம் படிக்கும் மாணவி, அணியோடு நின்று பயிற்சி பெறுகிறவள். எறிய ஆசைப்படுகிறவன் ரதீசன். எழுதியவனும் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

"கஜீவனுக்குத் தமிழ் வாசிக்க வருமோ?" என்று பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார் றெஜினா.

"வராது அக்கா. கதைப்பான். எழுத்துத் தெரியாது."

றெஜினா மூன்று துண்டுகளையும் எடுத்து மறுபடி வாசித்தார்.

மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. வானம் மட்டும் கீழிறங்கி, விளக்குக் கம்பங்களின் தலையில் இடிப்பதுபோல் நின்றது. பகல் பன்னிரண்டு மணிக்கே எல்லா விளக்குகளையும் போட்டிருந்தார்கள். கஜீவன் ஓரமாக நின்று கை சூடேற்ற மெதுவாக எறிந்துகொண்டிருந்தான். வலக்கையில் மட்டும் தோள்வரை கறுப்பு உறை. அதைப் பற்றி றெஜினா கேட்க, பந்தெறிகிறவர்கள் எல்லாரும் அப்படிப் போடுவதுதான் என்று றூபன் விளக்கினான்.

ஒவ்வொரு எறிக்குப் பிறகும் பையன் கையைத் தொங்கவிட்டு உதறினான். ஐந்தாவது எறிக்குப் பிறகு முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினான்.

"ஆறாவது பந்தை எறியாதையும்!" என்று றெஜினா கத்தினார். அந்தக் குரலை றூபன் அதுவரை கேட்டதில்லை. "எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ. உடனே."

உடைமாற்றும் அறையில் ஆறு பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். ரதீசன் சுவரோடு சாய்ந்திருந்தான். பிரஷாந்தினி வெள்ளை ஒட்டுநாடாச் சுருள் ஒன்றை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டேயிருந்தாள். கோச் லாவுவா நெட்டையான மனிதர், நரைத்த தாடி. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்டம், இது என்ன நாடகம் என்று பிரெஞ்சில் உறுமினார். றெஜினா பிரெஞ்சிலேயே இரண்டு நிமிடம் தரும்படி கேட்டுவிட்டு, பையன் பக்கம் திரும்பினார்.

"உறையைக் கழற்றும், தம்பி."

"அதுக்கு இப்ப நேரமில்லை அன்ரி."

"கழற்றும்."

உறை இலகுவில் வரவில்லை. தாய்தான் பிடித்து இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வலக்கை இடக்கையைவிட ஒன்றரை மடங்கு பருத்திருந்தது. விரல் நுனியிலிருந்து முழங்கைவரை நாவற்பழ நிறம். சட்டை விலகித் தெரிந்த தோளிலும் நெஞ்சின் வலப்பக்கத்திலும் நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்தன. அந்த உறையை மூன்று ஆட்டங்களாக றூபனும் பார்த்துக் கைதட்டியிருக்கிறான்.

"றூபன், அம்புலன்சைக் கூப்பிடும். கையில இரத்தக் கட்டி, மூச்சும் வாங்குது எண்டு சொல்லும்."

அவன் எண்ணை அழுத்திப் பேசி முடித்தான். றெஜினா பையனை வாங்கில் உட்காரவைத்து, அசையாதே என்றார். பிறகுதான் துண்டுகளை விரித்தார்.

"இதை எழுதினது பகையாளி எண்டு நாங்கள் நினைச்சம். கஜீவனை வெருட்டுறதெண்டால் அவனுக்கு வாசிக்கத் தெரிஞ்ச பாஷையில எல்லோ எழுதவேணும்? அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. வைச்ச இடத்தைப் பாருங்கோ. மட்டையும் கையுறையும் கிடக்கிற பையில இல்லை, சாப்பாட்டுப் பையில. அந்தப் பையை வீட்டில திறக்கிறது ஆர்?"

"நான்தான்," என்றாள் ஞானாம்பிகை மெதுவாக.

"அதுதான் துண்டில 'எறியக் கூடாது' எண்டு இல்லை. 'எறிய விடக் கூடாது' எண்டிருக்குது. விடுறதும் மறிக்கிறதும் தாயின்ரை வேலை. ஞானம், இது உங்கட மகனுக்கு வந்த வெருட்டு இல்லை. உங்களுக்கு வந்த எச்சரிக்கை."

"அப்ப கையில இருக்கிறது பந்து இல்லையோ?" என்றான் றூபன்.

"உள்ளங்கையைத்தான் நீர் நினைச்சீர். தமிழில தோள் தொடக்கம் விரல் மட்டும் எல்லாம் கைதான். நூல் இறுக்கினது, விரல் நீலிச்சது, கரண்டி இடக்கைக்குப் போனது எல்லாம் இந்தக் கையின்ரை கதை. கையில இருக்கிற கட்டி எறிய எறிய உடைஞ்சு நெஞ்சுக்குப் போகும். அது ரதீசனுக்குத் தெரியாது. கிளினிக்குக்குக் கூடப் போய், படம் எடுக்கேக்கை திரையைப் பார்த்த ஆளுக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை ஆர் கூடப் போனது?"

ஒட்டுநாடாச் சுருள் நிலத்தில் விழுந்து உருண்டது.

"நான்தான் அன்ரி," என்றாள் பிரஷாந்தினி. கண்கள் நிறைந்துவிட்டன. "படம் எடுக்கிற கருவியால அழுத்தேக்கை நாளம் சுருங்கேல்லை, அப்பிடியெண்டால் உள்ளுக்குக் கட்டி. படம் எடுத்தவ முகம் மாறினதைக் கண்டனான். கோச்சிட்டைச் சொன்னன். செவ்வாய்க்கிழமை அந்தக் கிளினிக் கடிதத்தைக் காட்டி, நீ டொக்டரோ எண்டு கேட்டார். இன்னொருக்கா வாய் திறந்தால் என்ரை பயிற்சியை நிப்பாட்டுவனெண்டார். நோயாளியின்ரை விசயத்தை வெளியில சொன்னால் படிப்பும் போயிடும் எண்டு பயந்திட்டன். தமிழில எழுதினால் அவருக்கு விளங்காது."

"பிள்ளை, துணிஞ்சு ஒரு போன் எடுத்திருக்கலாம்," என்றார் றெஜினா. குரலில் கடுமையில்லை. "ஆனா நீர் எழுதாட்டி நாங்கள் இப்ப இஞ்ச நிக்கமாட்டம்."

அவர் லாவுவா பக்கம் திரும்பிப் பிரெஞ்சுக்கு மாறினார்.

"விளையாடலாம் என்ற கடிதத்தை எழுதியது யார், ஐயா?"

"கிளினிக் எழுதியது. கையொப்பம் இருக்கிறதே."

"இன்று பரிசோதித்தேன் என்கிறது கடிதம். தேதி ஒக்ரோபர் பதின்மூன்று, திங்கட்கிழமை. நன்றி சொல்லும் நாள். நகரமே பூட்டிக் கிடந்தது. அன்று முழுக்கப் பையன் உங்கள் மைதானத்தில் பயிற்சியில் நின்றான். விடுமுறையை மறந்து திங்கட்கிழமை வேலை செய்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்."

றெஜினா கஜீவனிடம், கிளினிக் படிவத்தில் யாருடைய தொலைபேசி எண்ணை எழுதினாய் என்று கேட்டார்.

"கோச்சின்ரை," என்றான் பையன். அவன் கண்கள் அந்த மனிதரை விட்டு அகலவில்லை. "வீட்டு நம்பர் வேண்டாம், நான் பார்த்துக்கொள்ளுறன் எண்டார்."

றெஜினா மறுபடி லாவுவாவைப் பார்த்தார். "அந்த வெள்ளிக்கிழமை மாலை கிளினிக்கிலிருந்து உங்களைக் கூப்பிட்டார்கள், இல்லையா? உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்."

வெளியே ஒலிபெருக்கியில் இசை தொடங்கி, பார்வையாளர்கள் கைதட்டுவது கேட்டது.

"ஒரே ஒரு ஆட்டம்," என்றார் லாவுவா. அவர் யாரையும் பார்க்கவில்லை. "திங்கட்கிழமை நானே கூட்டிப்போயிருப்பேன். முப்பத்தொரு வருடம். இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தான்."

ரதீசன் சுவரைவிட்டு வந்து கஜீவனின் பக்கத்தில் உட்கார்ந்தான். அம்புலன்ஸ் சத்தம் நெருங்கியது.

ஆஸ்பத்திரியில் மாலை ஆறு மணிக்கு ஒரு பெண் மருத்துவர் வெளியே வந்தார். தோளுக்கடியில் பெரிய கட்டி. அதிலிருந்து பொடியளவு துண்டுகள் இரண்டு ஏற்கெனவே நுரையீரலுக்குப் போய்விட்டன. மருந்து ஏறுகிறது, உயிருக்கு இனிப் பயமில்லை. அடுத்த மாதம், அந்த நாளத்தை நெரிக்கும் விலா எலும்பு ஒன்றை எடுக்க வேண்டி வரலாம். இன்னும் பன்னிரண்டு, பதினைந்து எறி எறிந்திருந்தால் இப்போது வேறு செய்தி சொல்லிக்கொண்டிருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பொலிசுக்குக் கொடுக்க வேண்டிய வாக்குமூலத்தை றெஜினா நடைபாதை நாற்காலியிலேயே எழுதத் தொடங்கியிருந்தார். பிரஷாந்தினி பக்கத்தில் இருந்து தேதிகளைச் சொன்னாள்.

ஆட்டம் நடந்திருந்தது. துணைப் பயிற்றுநர் பொறுப்பெடுத்தார். ரதீசன் ஏழு சுற்று எறிந்து, நரிகள் ஒரு ஓட்டத்தால் தோற்றார்கள். றூபன் அதை அறைக்குள் போய்ச் சொன்னபோது கஜீவன் தாயைப் பார்த்தான்.

"நான் நிண்டிருந்தால் வெண்டிருப்பம். உங்களாலதான் அம்மா. இனி என்னோட கதைக்காதையுங்கோ."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஞானாம்பிகை நாற்காலியைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, மேலங்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்கொண்டு கிட, ராசா," என்றாள். "எத்தினை வருசமெண்டாலும் கோவிச்சுக்கொண்டு கிட. நான் இஞ்சதான் இருக்கிறன்."