அசையாமல் படு

படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. மூளைக்குள் வெள்ளைப் பகுதி என்று ஒன்று உண்டு. பெயர்தான் வெள்ளை, இந்த ஸ்கேனில் அது மங்கிய சாம்பலாகத்தான் விழும். அந்தச் சாம்பலுக்குள், கடுகளவு, பளிச்சென்று ஒரு பொட்டு.

அவள் மைக்கை அழுத்தினாள்.

"ஏய், அசையாமப் படு. படம் கலங்குது."

"நான் அசையலக்கா." ஸ்பீக்கரில் தங்கையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

விடுமுறை நாள் மதியம். ஸ்கேன் சென்டரில் வேறு யாரும் இல்லை. சன்னலே இல்லாத அந்த அறையில் ஏசியின் குளிரும் ஸ்பிரிட் வாடையும் தேங்கிக் கிடக்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரம் தகரக் கதவைத் தட்டுவதுபோல் விடாமல் தட்டிக்கொண்டிருக்க, அதன் குழாய்க்கு வெளியே தங்கையின் வெளிறிய பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. இங்கேயே வேலை பார்க்கிற தைரியத்தில், யாரையும் கேட்காமல் அவளைக் கூட்டி வந்துவிட்டாள்.

மழைக்காலத்தில் தங்கைக்கு ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, தங்கை திரும்பி வரவில்லை. வீட்டில் ஒருத்தரையும் விடாமல் கேலி பண்ணிக்கொண்டிருந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பெற்ற மகள் பசித்து அழுதாலும் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். புருஷன்காரன் நடிப்பு என்றான். இன்று சாயங்காலம் குழந்தையைத் தன் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகப் போகிறான், ஒரேயடியாக. இப்போதும் வெளியே வரவேற்பறையில், மடியில் பிள்ளையோடு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

"படத்துல சோம்பேறித்தனம் தெரியுமா அண்ணி?" வரும்போதே கேட்டான், சிரித்துக்கொண்டே.

அந்த மூஞ்சியில் விட்டெறிய அவளுக்கு ஒரு படம் வேண்டும். சந்தேகத்துக்கே இடமில்லாத படம்.

மறுபடி எடுத்தாள். பொட்டு மிளகாகியிருந்தது. பக்கத்தில் இன்னும் நாலைந்து.

"அசையாதடீன்னா கேக்க மாட்டியா?"

படம் சரியாக வராவிட்டால் படுத்திருப்பவர்மேல் பழி போடுவது இந்தத் தொழிலின் பழக்கம். கத்திய பிறகுதான் கவனித்தாள். தலை அசைந்திருந்தால் மண்டையோட்டின் ஓரமும் கலங்கியிருக்க வேண்டும். ஓரம் கோடு போட்டதுபோல் தெளிவாக இருந்தது.

"நான் அசையலக்கா," என்றது ஸ்பீக்கர். "உள்ள அதுதான் அசையுது."

அவள் மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

மூன்றாவது படத்தில் பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, சிந்திய பால் தரையில் ஓடுவதுபோல் பள்ளம் தேடி ஓடியிருந்தன. அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. கூடவே, சொல்லவே கூசுகிறது, சந்தோஷமாகவும் இருந்தது. பாருடா! நடிப்பாடா இது?

"அக்கா, வெளிய எடு. என்னைத் தள்ளுது."

"ஒரே ஒரு படம்டி. அவன் வாய அடைக்கணும்."

"அக்கா..."

அலறியது மணி. ஆபத்தென்றால் அழுத்தச் சொல்லி நோயாளியின் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். தங்கை அதை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள்.

அவள் மணியை நிறுத்திவிட்டுப் படத்தை ஓடவிட்டாள்.

தட். தட். தட்.

பாதங்கள் உதறின. விறைத்தன. பிறகு தளர்ந்தன.

திரையில் படம் விழுந்தது. முழுக்க வெள்ளை. மடிப்பில்லை. சாம்பலில்லை. மண்டையோட்டுக்குள் வெறும் வெள்ளை.

"அக்கா." ஸ்பீக்கரில் தெளிவான, குதூகலமான குரல். "எனக்குச் சரியாயிடுச்சு."

அவள் உள்ளே ஓடிப் படுக்கையை வெளியே இழுத்தாள். தங்கை தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். சிரித்தாள். காய்ச்சலுக்கு முன்பும் அவள் இப்படி ஒருநாளும் சிரித்ததில்லை. அவளுடைய சிரிப்பில் எப்போதும் ஒரு குறும்பு ஒட்டியிருக்கும். இதில் ஒன்றுமே இல்லை.

அக்காவைத் தாண்டி நடந்து வரவேற்பறைக்குப் போனாள்.

"அட!" புருஷன் எழுந்தே விட்டான். "பாத்தீங்களா அண்ணி? மனசு வச்சா எல்லாம் முடியும்."

தங்கை இரண்டு கைகளையும் நீட்டினாள். குழந்தை வீறிட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"குடுக்காதீங்க!" அவள் கத்தினாள். "அது அவ இல்ல. வந்து படத்தப் பாருங்க!"

"என்ன அண்ணி இது? இத்தன நாள் அவ எந்திரிக்க முடியாதவன்னு எங்கிட்ட சண்ட. இப்ப எந்திரிச்சதுக்கும் சண்டையா?" சட்டையைப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குழந்தையைத் தங்கையின் கையில் கொடுத்தான். "அம்மாவயே மறந்துட்டா பாரு, கழுத. இனிமே அம்மாகிட்டயே இருக்கட்டும்."

அவள் பாய்ந்தாள். அவன் குறுக்கே நின்றான். அவனை அடித்தாள், நெஞ்சில், முகத்தில், கை வலிக்க வலிக்க. அவன் நகரவில்லை.

அவன் தோளுக்கு மேலே தெரிந்தது. தங்கை பிள்ளையின் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள். அழுத்தினாள்.

அழுகை பாதியில் நின்றது.

கன்னத்தில் கண்ணீர் ஈரமாகவே இருந்தது. குழந்தை மெல்லத் தலையைத் திருப்பி, பெரியம்மாவைப் பார்த்து, இருந்த பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.