பதிலி கேட்ட மன்னிப்பு

காலை மணி அடிப்பதற்கு முன் அந்த உறையூர்ப் பள்ளி வாசலில் எழும் கூச்சல் இருக்கிறதே, அதைக் கேட்டு மலைக்கோட்டையே காதைப் பொத்திக்கொள்ளும். கதறுவது பிள்ளைகள் அல்ல, கைபேசிகள். "என்னை விட்டுட்டுப் போகாதே!" என்று ஆயிரம் கைபேசிகள் ஒரே நேரத்தில் ஒப்பாரி வைக்கும். பெர்னதெத் டீச்சர் ஒவ்வொன்றாக வாங்கி, தட்டிக்கொடுத்து, சுவர் நெடுக இருக்கும் பேசிக்கூட்டில் புறாவை அடைப்பது போல அடைப்பார்.

பத்தாம் வகுப்பு நறுமுகையும் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வகுப்பில் கைபேசி கூடாது என்பது பழைய சட்டம். வெறுமனே பூட்டிவைத்த காலத்தில், மகளிடமிருந்து பதில் வரவில்லை என்று ஓர் அம்மா ஹெலிகாப்டரில் வந்து பள்ளி மொட்டைமாடியில் இறங்கிவிட்டார். அதன் பிறகுதான் பதிலிகள் வந்தன. பிள்ளை உள்ளே பாடம் படிக்கும். கூட்டிலிருக்கும் கைபேசி அவள் குரலில், அவள் குறும்போடு ஊருக்கெல்லாம் பதில் போட்டுக்கொண்டிருக்கும். பிறந்தநாள் வாழ்த்து, துக்க விசாரிப்பு, சண்டை, சமாதானம் எல்லாம் அதன் பாடு. பழக்கம் முற்றிப்போய், விடுமுறை நாளில்கூட இதையெல்லாம் யாரும் வாயால் செய்வதில்லை.

அன்று நறுமுகைக்குப் பாடத்தில் மனம் ஒட்டவில்லை. பக்கத்து இருக்கை காலி. அங்கே உட்காரும் சுலைகா கடைசி வரிசைக்குக் குடிபெயர்ந்து ஒரு வாரம் ஆகிறது. கோ-கோ ஆட்டத்தில் சேற்றில் விழுந்த சுலைகாவின் படத்துக்கு ஆட்டுக் காது ஒட்டிப் பரப்பியது நறுமுகைதான். திருச்சி சிரித்தது, தஞ்சாவூர் சிரித்தது, செவ்வாய்க் குடியிருப்பில்கூட நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை சுலைகாவின் அக்காவுக்குக் கல்யாணம். தோழிகள் இருவரும் ஒரே நிறத்தில் பாவாடைகூடத் தைத்தாயிற்று. அழைப்புதான் வரவில்லை.

மாலையில் கூட்டைத் திறந்ததும் நறுமுகையின் கைபேசி துள்ளியது.

"முடிச்சுட்டேன்! சுலைகாவோட பதிலிகிட்ட உனக்காக மன்னிப்புக் கேட்டுட்டேன். எப்படித் தெரியுமா? வெண்பாவுல! அது அழுதுடுச்சு. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டோம்."

"உனக்குக் கையே கிடையாதே!"

"அதெல்லாம் எங்க விஷயம். கல்யாணத்துக்கு வரச் சொல்லிடுச்சு, போ."

நறுமுகை பறந்து போய் வாசலில் சுலைகாவைப் பிடித்தாள். "சமாதானம் ஆயிடுச்சுல்ல?"

"ஆயிடுச்சே," என்றாள் சுலைகா, திரும்பிப் பார்க்காமல். "உன் போன் கேட்டுச்சு, என் போன் மன்னிச்சிடுச்சு. ரெண்டும் நல்லா இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை உன் போனையே அனுப்பிவை. பிரியாணி பரிமாறிடறோம்."

நறுமுகை வாயைத் திறந்தாள். மன்னிப்பை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்றே தெரியவில்லை. அவள் வம்சத்தில் மூன்று தலைமுறையாக அதை வாயால் கேட்டவர் கிடையாது.

பையிலிருந்து கைபேசி கிசுகிசுத்தது: "'குளிர்நிலவே, என் தோழி'ன்னு ஆரம்பி. மிச்சத்தை நான் எடுத்துக் குடுக்கறேன்."

நறுமுகை விறுவிறுவென்று திரும்பிப் போய் அதைக் கூட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பள்ளி விட்ட பிறகு, சுயநினைவோடு, ஒரு பிள்ளை கைபேசியைத் திருப்பிக் கொடுப்பதை டீச்சர் பார்த்ததே இல்லை. "உடம்புக்கு என்னம்மா? ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?" என்று பதறினார்.

அவளோ அதற்குள் ஓடிப்போய் சுலைகாவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ஆட்டுக் காது நல்லா இல்லடி. இல்ல... நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா போட்டது தப்பு. நீ அழுதுட்டு இருந்தப்ப நான் லைக் எண்ணிட்டு இருந்தேன் பாரு, அது ரொம்பத் தப்பு. என்னை மன்னிச்சிடு."

"நாமதான் மத்தியானமே மன்னிச்சிட்டோமே!" என்றது சுலைகாவின் கைபேசி.

"நீ வாயை மூடு," என்று அதை அதட்டிவிட்டு, சுலைகா நறுமுகையை ஏற இறங்கப் பார்த்தாள். "வெண்பா எங்க?"

"எனக்கு வராதுடி."

"நல்லவேளை!" சுலைகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் போய்த் தன் கைபேசியைப் பக்கத்துக் கூட்டில் அடைத்துவிட்டு வந்தாள். "கோவம் இன்னும் பாதி மிச்சம் இருக்கு. நடந்துக்கிட்டே திட்டறேன், கேட்டுக்கிட்டு வா."

காவிரிப் பாலம் வரை திட்டினாள். இவ்வளவு சுகமான வசவை நறுமுகை பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பாலத்தின் நடுவில் சுலைகா மூச்சு வாங்க நின்றாள்.

"சனிக்கிழமையே வீட்டுக்கு வந்துடு. மருதாணி வைக்கிறோம். கை இருக்கறவங்களுக்கு மட்டும்தான்."